ஈர்ப்பும் ஒழுக்கும்: சாய்ந்தமருதுக் கரையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் திகதி காலை சாய்ந்தமருதுக் கரையைக் கடல் கொண்டது. ஏறத்தாழ அதே வேளையில், அவ்வலையைத் தோற்றுவித்த இந்து சமுத்திரத்தின் மேலாக, கடல் மட்டத்தை அளந்தவாறு இரண்டு செய்மதிகள் சென்றுகொண்டிருந்தன. தொப்பெக்ஸ்-பொசைடன், ஜேசன்-1 என்னும் அச்செய்மதிகள் ஆழ்கடலில் விரைந்துகொண்டிருந்த அலையைப் பதிவு செய்தன. ஆழிப்பேரலை ஒன்று திறந்த சமுத்திரத்தில் விண்ணிலிருந்து இத்துணைத் தெளிவாக அளக்கப்பட்டமை விஞ்ஞான வரலாற்றில் அதுவே முதன்முறை எனலாம். எனினும் அந்த அலை வருவதைக் கரையில் வாழ்ந்தோர் எவரும் அறிந்திருக்கவில்லை.

விண்ணில் அளக்கப்பட்டது மண்ணில் அறியப்படாமற் போனமைக்குக் காரணம் யாது? விஞ்ஞானம் தோற்றுவிட்டது என்பர் சிலர். இயற்கையின் செயலுக்கு மனிதன் என்ன செய்யலாம் என்று அமைவர் வேறு சிலர். இவ்விரு விடைகளும் எமக்குப் போதியனவாகத் தோன்றவில்லை. செய்மதியின் ஒழுக்கு, அதாவது அதன் சுற்றுப்பாதை, எவ்விதிக்குக் கட்டுப்பட்டது என்பதை அறிந்தாலன்றி, அன்று எது இயலாததாக இருந்தது, எது இயன்றும் செய்யப்படாதிருந்தது என்பதைப் பிரித்தறிதல் அரிது. ஆகவே ஈர்ப்புப் பற்றிய அறிவு வளர்ந்த வரலாற்றைச் சுருக்கமாக நோக்கி, அதன் ஒளியில் அக்காலைப் பொழுதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. விழுதலும் சுற்றுதலும்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை முதலிய ஊர்களின் மக்களுக்கு, ஒழுக்கில் இயங்கும் பொருளொன்றைக் கவனித்தல் புதியதன்று. கிழக்கே கடலும் மேற்கே வயல்வெளியுமாக அமைந்த இக்கரையில், கடலுக்கு முதுகு காட்டி, வயல்களுக்கு மேலாகத் தலைப்பிறையைத் தேடுதல் தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். புவியின் ஒரே இயற்கைத் துணைக்கோளாகிய சந்திரனின் இயக்கத்தையே அவர்கள் மாதந்தோறும் நோக்கி வந்துள்ளனர். பிறை எப்போது தோன்றும், தொழுகை நேரம் எப்போது என்னும் வினாக்கள் இஸ்லாமிய உலகில் வானியலை நடைமுறைத் தேவையாக்கின. 14ஆம் நூற்றாண்டில் திமிஷ்க் நகரின் உமையாப் பள்ளிவாசலில் நேரக் கணிப்பாளராகப் பணியாற்றிய இப்னுஷ் ஷாத்திர், தொலமியின் சந்திரக் கணிப்பிலிருந்த பெரியதொரு குறையை நீக்கினார். தொலமியின் முறைப்படி சந்திரன் சில வேளைகளில் ஏறத்தாழ இருமடங்கு பெரிதாகத் தோன்றுதல் வேண்டும். காட்சியில் அவ்வாறு நிகழ்வதில்லை. இப்னுஷ் ஷாத்திர் அமைத்த சந்திர மாதிரியும், அவருக்கு ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் பின்னர் கொப்பர்னிக்கஸ் அமைத்ததும் கணித அடிப்படையில் ஒன்றே என்பது 1957ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றால் வெளிப்பட்டது. மனிதன் செய்த முதலாவது செய்மதி விண்ணேறியதும் அதே ஆண்டிலேயே.

ஆயினும் இவர்கள் அனைவரும் கூறியது சந்திரன் எவ்வாறு செல்கின்றது என்பதையே. ஏன் அவ்வாறு செல்கின்றது என்பதையன்று. அக்காரணத்தை 1687ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் நியூற்றன் முன்வைத்தார். அவருடைய வாதம் எளிமையானது. புவிப்பரப்பில் கையிலிருந்து நழுவும் கல் முதலாவது செக்கனில் ஏறத்தாழ 4.9 மீற்றர் விழுகின்றது. சந்திரன் புவியின் மையத்திலிருந்து ஏறத்தாழ 60 புவி ஆரைத் தொலைவில் உள்ளது. ஈர்ப்பு தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையுமாயின், அங்கு அது 3,600இல் ஒரு பங்காதல் வேண்டும்; அவ்வாறாயின் கல் ஒரு செக்கனில் விழும் தூரத்தைச் சந்திரன் ஒரு நிமிடத்தில் விழுதல் வேண்டும். சந்திரனின் பாதை நேர்கோட்டிலிருந்து வளையும் அளவைக் கணித்தபோது அதுவே விடையாகக் கிடைத்தது. கல் விழுகின்றது, சந்திரனும் விழுகின்றது. வானுலகுக்கு ஒரு நியதி, மண்ணுலகுக்கு வேறொரு நியதி என இரண்டாயிரம் ஆண்டுகளாக நிலவிய பாகுபாடு இவ்வொரு கணக்கால் தகர்ந்தது.

விழும் சந்திரன் புவியில் வந்து மோதாதிருப்பது ஏன்? உயர்ந்த மலையுச்சியிலிருந்து கிடையாகச் சுடப்படும் பீரங்கிக் குண்டொன்றை எண்ணிப் பார்க்குமாறு நியூற்றன் கூறினார். புவி வளைந்தது, ஒரு நேர்கோட்டிலிருந்து 7.9 கிலோமீற்றர் தூரத்தில் அதன் பரப்பு 4.9 மீற்றர் தாழ்கின்றது. ஆகவே வளித்தடை இல்லையெனக் கொண்டால், செக்கனுக்கு 7.9 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் குண்டு எவ்வளவு விழுகின்றதோ அவ்வளவு புவியும் அதன் கீழே விலகிச் செல்லும். அக்குண்டு விழுந்துகொண்டேயிருக்கும், நிலத்தைத் தொடாது. ஒழுக்கு என்பது இதுவே. விண்ணில் ஈர்ப்பு இல்லை, ஆதலாற்றான் செய்மதி விழுவதில்லை என்னும் கருத்து இன்றும் மாணவரிடையே காணப்படுகின்றது. அது பிழையானது. ஜேசன்-1 இயங்கிய 1,336 கிலோமீற்றர் உயரத்தில் ஈர்ப்பு, புவிப்பரப்பில் உள்ளதன் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்று அதிகமாகவே இருந்தது. அவ்வீர்ப்பு இல்லையெனின் ஒழுக்கும் இல்லை.

2. உருண்டையல்லாத புவி

புவி முற்றிலும் சீரான கோளமாக இருந்திருப்பின் ஒழுக்கின் கணக்கு இவ்வளவில் முடிந்திருக்கும். ஆயின் புவி அத்தகையதன்று என்பதை முதலிற் காட்டியது மணிக்கூடு. 1672இல் தென்னமெரிக்காவின் கயென் தீவுக்குச் சென்ற பிரெஞ்சு வானியலாளர் ரிஷே, பாரிசில் திருத்தமாக ஓடிய ஊசல் மணிக்கூடு அங்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பின்தங்குவதைக் கண்டார். மத்திய கோட்டை அண்மிய இடங்களில் ஈர்ப்புச் சற்றுக் குறைவு என்பது இதனால் தெரியவந்தது.

எமது பிராந்தியமும் இவ்வரலாற்றிற் பங்கு கொண்டது. 1802இல் லாம்டன் சென்னைக்கு அருகே பரங்கிமலைப் பகுதியில் அடிக்கோடு அளந்து தொடக்கிய பெரும் முக்கோண அளவை, குடியேற்ற ஆட்சியின் வரி, படை, நிலவுடைமைத் தேவைகளுக்காக மேற்கொள்ளப்பட்டது என்பதில் ஐயமில்லை. அவ்வளவை வடக்கே சென்றபோது, கலியானா, கலியான்பூர் ஆகிய இரு நிலையங்களுக்கிடையிலான அகலக்கோட்டு வேறுபாடு நில அளவையில் ஒருவிதமாகவும் வானியல் அளவையில் வேறுவிதமாகவும் வந்தது. வித்தியாசம் 5 பாகைச் செக்கனுக்குச் சற்றே அதிகம். தூக்குக் குண்டை இமயமலை தன்பால் இழுத்தமையே காரணம் எனக் கருதிய பிராட், 1855இல் அவ்விழுவையைக் கணித்தார். கணக்கில் வந்ததோ 15 பாகைச் செக்கனுக்கும் அதிகம். மலையின் ஈர்ப்பு எதிர்பார்த்ததிலும் மிகக் குறைவாயிருந்தமையால், மலைகளின் அடியில் திணிவு குறைந்த வேர்ப்பகுதி உண்டு என்னும் கொள்கை பிறந்தது. ஈர்ப்பை அளப்பதென்பது நிலத்தினடியில் உள்ளதை அறிவதுமாகும் என்பதை உலகம் இவ்வாறு கற்றது.

நிலத்திற் கண்ட இவ்வுண்மை கடலுக்கும் பொருந்தும். காற்றும் நீரோட்டமும் வற்றுப்பெருக்கும் இன்றிக் கடல் தன்போக்கில் விடப்பட்டால் அது கொள்ளும் மட்டப்பரப்பைப் புவியுரு என்பர். ஈர்ப்பு மிகுந்த இடத்தில் நீர் திரண்டு உயரும். குறைந்த இடத்தில் தாழும். உலகிலேயே இப்பரப்பு மிகத் தாழ்ந்துள்ள இடம் இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் உள்ளது. ஒழுங்கான நீள்கோளப் பரப்பிலிருந்து அங்கு கடல் மட்டம் ஏறத்தாழ 106 மீற்றர் தாழ்ந்திருக்கின்றது. 1948இல் ஒல்லாந்த அறிஞர் வெனிங் மைனெஸ் மேற்கொண்ட கடலளவையிலிருந்து இது அறியப்பட்டு வந்துள்ளது. புவியின் ஆழத்தில் உள்ள வெப்பமான, அடர்த்தி குறைந்த பொருள் இதற்குக் காரணமாகலாம் எனப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழக ஆய்வாளர் இருவர் 2023இல் விளக்கம் அளித்தனர். சாய்ந்தமருதிலிருந்து தோணி தள்ளுபவர் இப்பள்ளத்தின் விளிம்பிற்றான் கடலோடுகின்றார். ஆயினும் அவர் எச்சரிவையும் உணர்வதில்லை. நீர் எங்கும் ஈர்ப்பின் திசைக்குச் செங்குத்தாகவே நிற்பதால் அவருக்கு அது மட்டமாகவே இருக்கின்றது.

ஈர்ப்பின் இவ்வேறுபாடுகள் செய்மதியின் ஒழுக்கையும் அசைக்கின்றன. 1958 மார்ச் 17இல் அனுப்பப்பட்ட வான்காட்-1 என்னும் சிறிய செய்மதியின் பாதையில் ஏற்பட்ட நுண்ணிய மாற்றங்களை ஆராய்ந்தே, வட துருவப் பக்கமும் தென் துருவப் பக்கமும் முற்றும் ஒத்தனவல்ல, புவி மிகச் சிறிய அளவிற் பேரிக்காய் வடிவம் கொண்டது என 1959இல் அறியப்பட்டது. புவி செய்மதியை இயக்குகின்றது. அவ்வியக்கமோ புவியின் வடிவத்தைக் காட்டித்தருகின்றது.

3. நிற்பதும் ஓடுவதும்

செய்மதியின் உயரத்தைத் தெரிவு செய்யும் மனிதன் அதன் வேகத்தைத் தெரிவு செய்ய முடியாது. கெப்லரின் மூன்றாம் விதிப்படி, புவி மையத்திலிருந்து தூரம் கூடக்கூடச் சுற்றும் காலமும் கூடும். ஜேசன்-1 செக்கனுக்கு ஏறத்தாழ 7.2 கிலோமீற்றர் வேகத்தில், 112 நிமிடங்களுக்கு ஒரு முறை புவியைச் சுற்றியது. மத்திய கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்திற் செல்லும் செய்மதிக்கோ ஒரு சுற்றுக்கு 23 மணித்தியாலம் 56 நிமிடம் எடுக்கும். புவி தன்னைத்தான் சுற்றும் காலமும் அதுவே. ஆதலால் அச்செய்மதி வானில் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதுபோலத் தோன்றும்.

இப்புவிநிலை ஒழுக்கைத் தொடர்பாடலுக்குப் பயன்படுத்தலாம் என்பதை 1945 ஒக்டோபரில் ஆங்கிலச் சஞ்சிகையொன்றில் விளக்கி எழுதியவர் ஆதர் சி. கிளார்க். 1956 முதல் 2008இல் மறையும் வரை இலங்கையை வாழ்விடமாகக் கொண்டிருந்த அவர், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் விளங்கியவர். அவருடைய எண்ணம் 1964இல் செயலுருப் பெற்றது. 1975-76 காலப்பகுதியில் இந்தியாவில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குப் புவிநிலைச் செய்மதி ஒன்றின் வழியாகக் கல்வி நிகழ்ச்சிகள் நேரடியாக ஒளிபரப்பப்பட்டன. தந்திக்கம்பி எட்டாத ஊரையும் செய்மதி எட்டும் என்பது அன்றே மெய்ப்பிக்கப்பட்டது. இவ்வொழுக்கிலும் ஈர்ப்பின் கோணல் விடுவதில்லை. புவியின் மத்திய கோடும் சரியான வட்டமன்று; அதனால் கட்டுப்பாடின்றி விடப்படும் புவிநிலைச் செய்மதி மெல்ல நகரத் தொடங்கும். அது நாடிச் செல்லும் உறுதிநிலை இடங்கள் இரண்டே. அவற்றுள் ஒன்று, இலங்கைக்குச் சற்று மேற்கே செல்லும் 75 பாகைக் கிழக்கு நெடுங்கோட்டை அண்டியது.

இங்கு எமது ஆய்வுக்கு முக்கியமான ஒரு முடிவு பெறப்படுகின்றது. கடல் மட்டத்தைச் சில சென்ரிமீற்றர் திருத்தத்துடன் அளக்க வேண்டுமாயின் ரேடார்ச் செய்மதி தாழ்வாகச் செல்லுதல் வேண்டும். அதன் துடிப்பு கடலிற் பட்டு மீள ஒரு செக்கனின் நூறில் ஒரு பங்கு நேரமும் ஆகாது. தாழ்வாகச் செல்வது ஓடியே ஆகவேண்டும். ஜேசன்-1 ஒரே தடத்திற்கு மீண்டும் வர ஏறத்தாழ 10 நாள்கள் சென்றன. மறுபுறம், ஓரிடத்தின் மேலே நிலைத்து நிற்கக்கூடிய செய்மதி 35,786 கிலோமீற்றருக்கு அப்பால் இருப்பதால், அத்துணை நுட்பமாகக் கடலின் உயரத்தை அளக்க அதனால் இயலாது. நுட்பமாக அளப்பது நிற்காது. நிற்பது அவ்வாறு அளக்காது. ஆனால் நிற்பது செய்தியைக் கடத்தும். இவ்வெல்லையை விதித்தது ஈர்ப்பு. இதனை எந்த அரசாங்கத்தாலும் மாற்ற முடியாது.

4. அந்தக் காலைப் பொழுது

அன்று இலங்கையில் நடைமுறையிலிருந்த நேரப்படி காலை 6.59 மணிக்குச் சுமாத்திராவுக்கு மேற்கே கடலடித்தளம் பிளக்கத் தொடங்கியது. பிளவு வடக்கு நோக்கி ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர் நீண்டது. பூமியதிர்ச்சியின் பருமன் 9.1 எனக் கணிக்கப்பட்டது. அதிர்ச்சி தொடங்கிய இடத்திற்கும் சாய்ந்தமருதுக்கும் இடைத்தூரம் ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர்.

நில அதிர்வலை இத்தூரத்தைக் கடக்கச் சில நிமிடங்களே போதும். கண்டிக்கு அண்மையிலுள்ள பல்லேகலைப் பதிவு நிலையத்தில் நிலம் 9 சென்ரிமீற்றருக்கும் அதிகமாக மேலும் கீழும் அசைந்தமை பதிவாகியது. அவ்வசைவு மிக மெதுவானது. ஆதலால் வீட்டைவிட்டு வெளியேறச் செய்யும் அதிர்ச்சியாக மக்கள் அதனை உணரவில்லை.

கடலலையின் வேகத்தை நிர்ணயிப்பதும் ஈர்ப்பே. ஆழிப்பேரலையின் வேகம், ஈர்ப்பு ஆர்முடுகலையும் கடலின் ஆழத்தையும் பெருக்கிவரும் தொகையின் வர்க்கமூலமாகும். 4,000 மீற்றர் ஆழத்தில் அது மணிக்கு ஏறத்தாழ 710 கிலோமீற்றர். 10 மீற்றர் ஆழத்தில் 36 கிலோமீற்றர். முன்னே செல்லும் நீர் தளரப் பின்னே வருவது நெருக்க, அலை உயர்கின்றது. கல்லையும் சந்திரனையும் செய்மதியையும் இயக்கிய அதே ஈர்ப்பு, இலங்கையின் கிழக்குக் கரைக்கு அவ்வலை ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் வந்து சேரும் என்பதையும் முன்கூட்டியே நிச்சயித்துவிட்டது. தாய்லாந்துப் பக்கத்தில் கடல் முதலிற் பின்வாங்கியது. எமது பக்கத்தில் முதலில் வந்தது அலையின் முகடு. ஆதலாற் கடல் தரும் இயற்கை எச்சரிக்கையும் இங்கு கிட்டவில்லை.

அதிர்ச்சி நிகழ்ந்து இரண்டு மணித்தியாலமளவில் செய்மதிகள் இரண்டும் சமுத்திரத்தைக் குறுக்கறுத்துச் சென்றன. பத்து நாள்களுக்கு ஒருமுறை வரும் தடம் அவ்வேளையில் அங்கு அமைந்தமை தற்செயலேயாகும். அவை அளந்த அலையின் உயரம் 60 சென்ரிமீற்றர் அளவினது. நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் அகலத்திற் பரந்த அவ்வுயர்ச்சியைக் கப்பலில் இருப்போர் உணரார். செய்மதி அதனை உணர்ந்தமைக்குக் காரணம், அதன் ஒழுக்கு சென்ரிமீற்றர்த் திருத்தத்துடன் அறியப்பட்டிருந்தமையே. ஒழுக்கு அவ்வாறு அறியப்பட்டமைக்குக் காரணம், புவியின் ஈர்ப்பு அறியப்பட்டிருந்தமையே. கயெனின் ஊசலும் இமயத்தின் தூக்குக் குண்டும் தொடக்கிவைத்த அளவை இங்கு வந்து முடிகின்றது. ஆனால் அத்தரவுகள் நிலத்தை அடைந்து ஆராயப்படப் பல மணித்தியாலங்கள் சென்றன. உடனடியாகவே அவை கிடைத்திருப்பினும், எமது கரையைப் பொறுத்தவரை காலங்கடந்த செய்தியாகவே இருந்திருக்கும்.

இதற்கு அப்பாலும் ஒரு பதிவு உண்டு. ஏறத்தாழ 220 கிலோமீற்றர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகச் சென்ற கிரேஸ் இரட்டைச் செய்மதிகள், ஈர்ப்பு மாறும் இடங்களில் தமக்கிடையிலான தூரம் நுண்ணிதாக மாறுவதை அளந்தன. அப்பூமியதிர்ச்சி புவியோட்டின் திணிவை இடம்பெயர்த்தமையால் அப்பகுதியின் ஈர்ப்பே சிறிது மாறியது என 2006இல் அவற்றின் தரவுகள் காட்டின. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்திற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்; இலங்கையின் மாவட்டங்களுள் மிகப் பெரிய இழப்பு இதுவே. அவர்களைப் பலிகொண்ட நிகழ்வு செய்மதிகளின் ஒழுக்கிலும் தன் சுவட்டைப் பதித்துச் சென்றது.

5. அறிவும் கரையும்

எது இயலாதது என்பது இப்போது தெளிவாகின்றது. ஓடும் செய்மதி எமது கரைக்குக் காவல் நிற்க முடியாது. எனின், இயன்றிருந்தது எது? இரண்டு மணித்தியால அவகாசம் இருந்தது. ஹவாயிலிருந்த பசுபிக் எச்சரிக்கை நிலையம் அதிர்ச்சி நிகழ்ந்து ஏறத்தாழ 15 நிமிடங்களில் முதல் அறிவித்தலை விடுத்தது. அதிற் பருமன் 8.0 எனக் குறைவாக மதிக்கப்பட்டிருந்தது. ஒரு மணித்தியாலமளவிற்குப் பின்னர் அது 8.5 எனத் திருத்தப்பட்டது. ஆனால் அவ்வறிவித்தல் பசுபிக் நாடுகளுக்கானது. இந்து சமுத்திரத்திற்கு அத்தகைய ஒழுங்கே அமைக்கப்பட்டிருக்கவில்லை. இலங்கையில் உயிர்கள் பலியான செய்தியை அந்நிலையத்தார் பின்னர் இணையச் செய்திகளின் வாயிலாகவே அறிந்தனர். அதிர்ச்சிக்கு ஏறத்தாழ 7 மணித்தியாலங்களின் பின்னர் அலை சேர்ந்த சோமாலியாவிலும் 300 பேரளவில் மாண்டனர். அங்கு குறைவாயிருந்தது காலம் எனக் கூறுதல் இயலாது.

செய்தி கடத்தும் புவிநிலைச் செய்மதிகள் விண்ணில் இருந்தன. தொலைபேசியும் வானொலியும் இருந்தன. சாய்ந்தமருதுக் கரையோரத்திற் பள்ளிவாசல்களும் அவற்றின் ஒலிபெருக்கிகளும் இருந்தன. ஊரின் மேற்கே வயல்வெளியை அடையக் கால்நடையாகவே போதிய நேரமும் இருந்திருக்கும். இல்லாதிருந்தது, இவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் நிறுவன ஒழுங்கு. செல்வம் மிக்க நாடுகள் சூழ்ந்த சமுத்திரத்திற்கு 1965 முதல் சர்வதேச ஒழுங்கு இருந்ததும், வறிய நாடுகள் சூழ்ந்த சமுத்திரத்திற்கு 2004 வரை இல்லாதிருந்ததும் பௌதிகவியலின் விளைவன்று. ஆழிப்பேரலை பசுபிக்கில் மிகுதி, இங்கு அரிது என்பர். அவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆயினும் 1883இல் கிரக்கற்றோவா எரிமலை வெடித்தபோது எழுந்த அலை இலங்கைக் கரையையும் தாக்கியது என்பதும், இதே மாவட்டத்தின் பாணமையில் ஒரு பெண் அதனால் உயிரிழந்தார் என்பதும் பதிவாகியுள்ளன. ஏட்டில் இருந்த அச்செய்தி பாடநூலுக்கு வரவில்லை.

2004இன் பின்னர் நிலைமை மாறியது. இலங்கையில் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளின் நிலையங்களைக் கொண்ட இந்து சமுத்திர எச்சரிக்கை ஒழுங்கு 2011இல் முழுமையாக இயங்கத் தொடங்கியது. கடலடியில் அமுக்கத்தை அளக்கும் கருவி மிதவைக்கு அறிவிக்க, மிதவை செய்மதிக்கு அறிவிக்க, செய்மதி நிலையத்திற்கு அறிவிக்கும். செய்மதிக்கு ஈர்ப்பு அனுமதிக்கும் பணி இதுவே. அது பார்ப்பவன் அல்லன், தூதன். 2012 ஏப்ரில் 11இல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 பருமன் கொண்ட அதிர்ச்சி ஏற்பட்டபோது எச்சரிக்கை கரையை வந்தடைந்தது. மக்கள் உள்நோக்கிச் சென்றனர். பெரிய அலை வரவில்லை. வராத அலைக்காக ஓடியது வீண் எனக் கருதுதல் தவறு. செய்தி வந்து சேர்ந்தது என்பதே அன்று பெறப்பட்ட பயன்.

மேற்கூறியவற்றிலிருந்து இரு முடிவுகளை நாம் முன்வைக்கலாம். முதலாவது, இயற்கை விதி வகுக்கும் எல்லையையும் சமூக ஒழுங்கின் குறைபாட்டையும் ஒன்றாக்கி நோக்குதல் ஆபத்தானது. முன்னையதைச் சுட்டிப் பின்னையதை மறைப்போருக்கு அது வாய்ப்பளிக்கும். செய்மதியால் அன்று எமது கரையைக் காத்திருக்க முடியாது என்பது உண்மை. எவராலும் காத்திருக்க முடியாது என்பது உண்மையன்று. இரண்டாவது, ஈர்ப்பும் ஒழுக்கும் எமது பாடசாலைகளில் பரீட்சைக்குரிய சூத்திரங்களாக மாத்திரம் கற்பிக்கப்படுதல் போதாது. 1,600 கிலோமீற்றர், 4,000 மீற்றர் ஆழம், இரண்டு மணித்தியாலம் என்னும் மூன்று எண்களைக்கொண்டு எமது கரையின் மாணவர் ஒவ்வொருவரும் அக்கணக்கைத் தாமே செய்து பார்த்தல் வேண்டும். கரைவலை இழுப்போரும் தோணியோட்டிகளும் அன்று கண்டவற்றை ஊர் ஊராகத் திரட்டி எழுதிவைக்கும் பணியைப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் மேற்கொள்ளல் தகும். 1883இன் பாணமைச் செய்தி 2004இன் சாய்ந்தமருதை வந்தடைய 121 ஆண்டுகள் போதவில்லை. 2004இன் செய்தியும் அவ்வாறு ஏட்டோடு நின்றுவிடாதிருத்தல் எம் கையில் உள்ளது.